பகலிலேயே போவோம்

அண்மையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பள்ளிச் சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு எழுந்ததாம். "இரவு ஒன்பது மணிக்குப் பஸ்ஸை எடுத்தால் விடிவதற்குள் வேளாங்கண்ணி. ஒரு நாள் மிச்சம், தங்குகிற செலவும் மிச்சம். பகலெல்லாம் பெண் பிள்ளைகளை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு போவானேன்?" என்று சிலர் கேட்டனராம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும், சென்ற தை மாதம் பகலில் அதே ரோட்டில் போய் வந்தவர்கள் என்ற உரிமையில் எங்கள் கருத்தைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறோம். இரவுப் பயணம் வேண்டாம்.

சங்கடங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். நாங்கள் 42 பேர். அவர்களில் 31 பேர் கட்டிக்கொண்டு வந்தது புளிசோறு. வெள்ளகோவிலிலிருந்து கரூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அமராவதிப் பாலம் வருவதற்குள் மதியச் சாப்பாடும் காலியாகிவிட்டது. குளித்தலையில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். வாந்தி ஒரு தொற்றுநோய் என்று அறிவியல் புத்தகத்தில் ஏன் சேர்க்கவில்லையோ தெரியவில்லை. எலுமிச்சம்பழம் கை மாறி மாறிக் கடைசியில் கொட்டை மட்டும் மிஞ்சியது. இரவில் போனாலும் இதெல்லாம் நடக்கத்தான் போகிறது. இருட்டில் நடக்கும், அவ்வளவே.

ஆனால் அந்த ஜன்னல்! நம் ஊரைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, முருங்கைத் தோட்டம், பனை, மேய்கிற செம்மறி. கரூர் வரையில் நிலம் வெளுத்துக் கிடக்கிறது. மாயனூர் வந்ததும் இடப்பக்கம் அகண்ட காவேரி. எதிர்க்கரை எங்கோ இருக்கிறது. அப்புறம் குளித்தலையில் வாழைத் தோட்டங்கள், திருச்சியில் மலைக்கோட்டை, தஞ்சாவூரில் 1010ஆம் ஆண்டு இராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோவில். அதைத் தாண்டியதும் ரோட்டில் பாதி பஸ்ஸுக்கு, பாதி காயப்போட்ட நெல்லுக்கு. நம் ஊரில் ரோட்டின் மேல் இப்படி உரிமை கொண்டாடினால் சும்மா விடுவார்களா?

திருவாரூரில் ஒரு வேடிக்கை நடந்தது. பஸ் புறப்படும்போது சிஸ்டர் வழக்கம்போல் தலை எண்ணினார்கள். 43 வந்தது. மறுபடி எண்ணினார்கள், அப்போதும் 43. எண்ணிக்கை குறைந்தால் என்ன செய்வதென்று சிஸ்டருக்குத் தெரியும். கூடினால் என்ன செய்வது? கடைசி சீட்டில் ஒரு பாட்டி, மடியில் கூடையோடு, "கீவளூர் ஒண்ணு குடுப்பா" என்று கிளீனரிடம் காசை நீட்டிக்கொண்டிருந்தார். டவுன் பஸ் என்று ஏறிவிட்டாராம்! கீழ்வேளூர் எங்கள் வழியில்தான் இருந்தது. ஆகவே சிஸ்டர் சிரித்துக்கொண்டே அவரை உட்காரச் சொன்னார்கள்.

"எந்தூருப் புள்ளைங்க நீங்க?" என்றார் பாட்டி.

"வெள்ளகோயலுங்க."

"அது எங்கே இருக்கு?"

"கரூருக்கு மேக்கைங்க."

ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்கள் 'ங்க' போடுவதைக் கேட்டுப் பாட்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்க பக்கம் என்ன வெளையும்?" என்று கேட்டார். சோளமுங்க, முருங்கையுங்க, தேங்காயுங்க என்று பெருமையாகச் சொன்னோம். "நெல்லு?" "அரிசியாக் கடையில வாங்கிக்குவமுங்க." பாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்து, "அய்யோ பாவம்" என்றாரே பார்க்கலாம்! பிறகு வழியெல்லாம் பாடம் நடத்தினார். அறுப்புக்கு நிற்பது சம்பா. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால்தான் குறுவை. திறந்த தண்ணீர் இங்கே வந்து சேரும்வரை வயிற்றில் நெருப்பு. இறங்கும்போது, "நடுவுலே நீங்கதான் குடிச்சுட்டு மிச்சத்தை அனுப்புறீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார். 42 பேரில் ஒருத்தி வாய் திறக்கவில்லை. புவியியல் வகுப்பிலும் இதே அமைதிதான் என்று சிஸ்டர் சொன்னார்கள்.

இரவு பஸ்ஸில் இந்தப் பாட்டி ஏறியிருப்பாரா?

வேளாங்கண்ணியில் பஸ் நின்றதும் கோவிலுக்குப் போய்விட்டுக் கடற்கரைக்கு ஓடினோம். எங்களில் 11 பேர் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. ஒருத்தி "இத்தனை தண்ணியா!" என்று கத்தினாள், வட்டமலைக்கரை அணை வறண்டு கிடந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் வேறென்ன சொல்வாள்? 2004 டிசம்பர் 26ஆம் நாள் அந்த அலைதான் எழும்பி வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று என்று சிஸ்டர் சொன்னார்கள். யாரும் சொல்லாமலே நாங்கள் இரண்டடி பின்னால் வந்து நின்றோம்.

மறுநாள் கடலோரமாகவே வடக்கே போனோம். போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் பிடித்த நாகப்பட்டினம், நாகூர் தர்கா, பிரெஞ்சுக்காரர் 1954 வரை ஆண்ட காரைக்கால், டேனிஷ்காரர் 1620இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடி எல்லாம் ஒரே ரோட்டில் வரிசையாக வருகின்றன. வரலாற்றுப் பாடத்தில் இவர்கள் தனித்தனிப் பக்கங்களில் இருப்பதால் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்று எண்ணியிருந்தோம். அரை மணிக்கொரு ஐரோப்பியர் என்று கண்ணால் பார்த்தபின் அந்தப் பாடம் மறக்கவில்லை. காரைக்காலில் டீசல் விலை குறைவு என்று டிரைவர் அண்ணன் மகிழ்ந்ததையும் மறக்கவில்லை.

பூம்புகாரில்தான் எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். காவேரி கடலில் சேரும் இடத்தைக் காட்டினார்கள். மாயனூரில் கரை தெரியாமல் போன ஆறு, இங்கே ஒரு வாய்க்கால்! "மீதி ஆறு எங்கே சிஸ்டர்?" என்று கேட்டோம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன, பிறகு எண்ண முடியாத வாய்க்கால்கள். மீதி ஆறு முந்தின நாள் நாங்கள் பார்த்த வயல்களில் இருந்தது. பாட்டியின் சம்பாவில் இருந்தது. தூங்கிக்கொண்டே வந்து பூம்புகாரில் மட்டும் கண் விழித்திருந்தால், ஆறு சிறியது என்று எழுதிக்கொண்டு திரும்பியிருப்போம்.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து இராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். ரயிலேறிப் போயிருந்தால் மறுநாளே சேர்ந்திருக்கலாம். 15 நாள் நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தோர்ன் மிரட்டியதும், ஊர் மக்கள் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள். வழியில் ஊர்கள் இருந்ததால்தானே அந்த யாத்திரைக்கு அத்தனை பலம்? (எங்கள் புளிசோற்றை எண்ணும்போது அந்த மரக்கிளைகளின் மேல் எங்களுக்குச் சற்றுப் பொறாமைதான்.)

செலவைப் பற்றிப் பெற்றோர் சொல்வது உண்மை. ஓர் இரவுத் தங்கலுக்கு ஆகும் பணம் சில வீடுகளில் ஒரு வாரக் கூலி. அதற்காக மூன்று இடங்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். கடையில் பொம்மை வாங்கும் ஒரு மணி நேரத்தை முழுவதுமே விட்டுவிடலாம். பாதுகாப்பு என்றால், பின்னிரவில் கண் சொக்கும் டிரைவரைவிடப் பகல் வெளிச்சம் மேலல்லவா? எங்களில் சிலருக்குப் பள்ளிச் சுற்றுலாவை விட்டால் வேறு பயணம் வாய்ப்பதில்லை. படிப்பு முடிந்து மில்லுக்கோ புகுந்த வீட்டுக்கோ போகிறவர்களிடம், "கடல் எந்த வழியாகப் போனால் வரும்?" என்று யாராவது கேட்டால், "தூங்கிட்டனுங்க" என்றா சொல்வது?

ஆகவே அடுத்த ஆண்டு போகிற தங்கைகளுக்காகக் கேட்கிறோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ்ஸை எடுக்கட்டும். ஜன்னல் சீட்டைக் கரூரிலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மாற்றிக்கொள்ளட்டும். புளிசோற்றை அமராவதிப் பாலம் வரையிலாவது சிஸ்டர் தம் சீட்டின் கீழேயே வைத்துக்கொள்ளட்டும். திருவாரூரில் மட்டும் தலையை இரண்டு முறை எண்ண வேண்டும்.