டெஸ்லாவுக்குச் சேர வேண்டிய பங்கு

விடுமுறைக்கு வந்த பேரன் கேட்டான்: "தாத்தா, ஏசி கரண்டைக் கண்டுபிடிச்சது டெஸ்லாதானே?" மின்கம்பத்தோடும் மோட்டாரோடும் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கேட்கிறான். "இல்லைப்பா, அவர் செய்தது வேறு" என்றேன்.

ஏசி மின்சாரம் டெஸ்லாவுக்கு முன்பே இருந்தது. அதைத் தொலைவுக்கு அனுப்ப உதவும் டிரான்ஸ்பார்மரை 1885-ல் புடாபெஸ்டில் மூன்று பொறியாளர்கள் செப்பமாக்கினார்கள். மறு ஆண்டே அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி அந்த முறையில் ஒரு சிற்றூரின் கடைகளில் விளக்கு எரியவைத்தார். விளக்கு எரிந்தது, ஆனால் ஏசியில் ஓட நல்ல மோட்டார் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் காப்புரிமைகளை 1888-ல் பெற்றவர்தான் டெஸ்லா. அதே ஆண்டு இத்தாலியில் பெராரிஸ் என்பவரும் அதே தத்துவத்தைத் தனியாக வெளியிட்டார். நம் கிணற்று மேட்டில் ஓடும் மூன்று பேஸ் மோட்டாருக்கு வடிவம் கொடுத்தவர், ஜெர்மனியில் வேலை பார்த்த டொலிவோ டொப்ரவோல்ஸ்கி.

டெஸ்லாவின் பெரிய யோசனை, சுழலும் காந்தப்புலம். காயில்களில் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க, காந்தப்புலம் சுற்றிவரும். உள்ளே இருக்கும் ரோட்டரையும் இழுத்துக்கொண்டு போகும். கார்பன் பிரஷ் தேவையில்லை, தீப்பொறி இல்லை. நம்மூர் வயர்மேன்களுக்கு இது கைப்பழக்கம். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று கம்பியில் இரண்டை மாற்றிப் போடுவார்கள். காந்தப்புலம் திசை மாறும், மோட்டாரும் மாறும்.

1902-லேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏசி மின்சாரம் போய்விட்டது. மயிலம் பக்கம் எங்கள் நிலத்துக்கு அது வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை அப்பா விடியுமுன் எழுந்து கவலை ஓட்டுவார். மாடுகள் முன்னும் பின்னும் நடந்து நடந்து கால் ஓய்ந்துவிடும். அப்படி இறைத்தும் மல்லாட்டைக்குக் கடைசித் தண்ணீர் எட்டாத ஆண்டுகள் உண்டு. மோட்டார் ஓடிய முதல் நாள், அப்பா வாய்க்காலில் வந்த தண்ணீரில் கால் வைத்தபடி வெகுநேரம் நின்றிருந்தார்.

எல்லாப் புகழையும் ஒருவர் தலையில் ஏற்றினால் மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த ஒருவர் உண்மையில் செய்ததும் மறைந்துபோகிறது. டெஸ்லாவை மின்சாரத்தின் மாயாவியாக நினைப்பதைவிட, மாட்டின் கழுத்திலிருந்து நுகத்தடியை இறக்கிய சிலரில் ஒருவராக நினைப்பதே அவருக்கு நியாயம் என்பேன்.

மறுநாள் பேரனைக் கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போய் ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னேன்.