மருதூர்க்காரிக்குப் பெயர் என்ன?

முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியத்தின் நாயகனுக்கு அழகக் குடும்பன் என்று பெயர் உண்டு. அவன் பெண்டாட்டிகள் இருவருக்கும் அது கிடையாது. மூத்தவள் முக்கூடற்பள்ளி, இளையவள் மருதூர்ப்பள்ளி. சக்களத்திச் சண்டை முற்றி ஒருத்தி அழகரையும் மற்றவள் மருதீசரையும் வாரித் தூற்றும்போதுகூட ஊரும் சாமியும்தான் பேச்சு. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் அந்த முக்கூடல், இன்றைய சீவலப்பேரிப் பக்கம் இந்த வழக்கம் இன்னும் போய்விடவில்லை. தெருவுக்கு நாலு இசக்கியம்மாள், நாலு பேச்சியம்மாள். அடையாளம் வேண்டுமே! ‘மருதூர்க்காரி’, ‘கங்கைகொண்டான்காரி’ என்று பிறந்த ஊர் பெயராகிவிடுகிறது. இரண்டு தலைமுறை போனால் அந்த ஊர்தான் மிஞ்சுகிறது.

ஒரு சாதாரணப் பெண்ணின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் வயலின் வரலாறு வரும். அதில் நாற்று நட்டவள் வரமாட்டாள். மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல்தான். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போகிறோமே, அதுவும் ஆண்வழிதான். கல்யாணமான அன்றே அவளுக்குச் சாஸ்தா மாறிவிடுகிறார்.

இதில் ஒரு விசித்திரம். 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், வயது, தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலிருக்கும் தழும்பு வரை பதிவேட்டில் ஏற்றினார்கள். டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேத்தி அதை வைத்துக்கொண்டு இங்கே ஊர் தேடி வர முடிகிறது. ஆற்றங்கரையை விட்டு நகராதவளின் பேத்திக்கு அப்படி ஒரு சீட்டும் இல்லை. கரும்புத் தோட்ட முதலாளிக்கு ஆள் தப்பக் கூடாது என்ற கவலை. நமக்கு அதுகூட இருந்ததில்லை. அந்தப் பதிவேட்டிலும் தாயின் பெயருக்குக் கட்டம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தாய்வழி நினைவே நம்மிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கொண்டையங்கோட்டை மறவரிடமும் நாங்குடி வேளாளரிடமும் பிள்ளைகளுக்குத் தாயின் கிளைதான், அதாவது அவளுடைய குலப்பிரிவுதான். சம்பந்தம் பேச உட்கார்ந்ததும் முதல் கேள்வி, ‘என்ன கிளை?’ ஒரே கிளையென்றால் அண்ணன் தங்கை முறை, பேச்சு அதோடு முடிந்தது. மறவர் கிளைகளைப் பற்றி பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1957இலேயே எழுதியிருக்கிறார். அம்மா, அவளைப் பெற்றவள், அவளையும் பெற்றவள் என்று நூல் அறுபடாமல் வந்திருக்கிறது. ஆனால் அந்த நூலில் கோத்திருந்த பெண்களின் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. பெண் கொடுக்கல் வாங்கலுக்குக் கிளை போதும், பெயர் எதற்கு?

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று நாலு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் அம்மாவைப் பெற்ற ஆச்சி, அவளைப் பெற்ற பூட்டி: பெயர், பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், செய்த வேலை, பெற்றதும் பறிகொடுத்ததுமான பிள்ளைகள். வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். மூத்த பேத்திக்கு யார் பெயரை விட்டார்கள் என்று கேட்டால் ஒரு தலைமுறை சுளுவாக மேலே போகலாம். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். ஆண்ட பரம்பரைக் கதைகளுக்கு இங்கே இடமில்லை.