யந்திரத்துக்கு வல்லாரை

ஞாபக சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு வல்லாரை லேகியம் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். பையன் பரீட்சையில் தேறாததற்கு ஞாபக மறதிதான் காரணமா, அல்லது புத்தகத்தை அவன் திறக்கவே இல்லையா என்ற விசாரணையெல்லாம் பிற்பாடுதான். முதலில் லேகியம். இப்போது வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே வைத்தியம் நடந்து வருகிறது. யந்திரம் அடிக்கடி ஸ்தம்பித்து நிற்கிறதா? "மெமரி போதவில்லை, ஸார்! இன்னும் கொஞ்சம் போட்டால் பறக்கும்" என்கிறார்கள். நாமும் போடுகிறோம்.

சென்ற மாதம் கும்பகோணத்தில் என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொடுத்த கையோடு அவள் சொன்ன முதல் சமாசாரம் கம்ப்யூட்டரைப் பற்றியது. "நன்றாக ஓடிக்கொண்டேயிருக்கும், திடீரென்று கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடும். ஐந்து நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல் மறுபடியும் ஓடும்" என்றாள். அத்திம்பேர் சும்மா இருக்கவில்லை. கடைக்காரர் ஒருவருடைய யோசனையைக் கேட்டு, முன்பிருந்த 4 கிகாபைட் மெமரியோடு புதிதாக 8 கிகாபைட் வாங்கிச் சேர்த்திருந்தார். அதுவும் எப்போது? 2025-ஆம் வருஷக் கடைசியில் மெமரியின் விலை மளமளவென்று ஏறிய பிறகு. பணம் போயிற்று, பிள்ளையார் மட்டும் எழுந்திருக்கவில்லை.

மெமரி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அறிய யந்திர சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. சமையலறையை நினைத்துக் கொண்டால் போதும். மெமரி என்பது அடுப்பு மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். சமைக்கிறவள் மேடையில் இருப்பதைக் கை நீட்டி எடுப்பாள். பரணில் இருப்பதை ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க் ஒரு பொருளைத் தேடி எடுக்க வினாடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். மெமரியிலிருந்து எடுப்பதற்கு அதில் ஏறக்குறைய லக்ஷத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அதாவது, மேடையிலிருந்து கரண்டியை எடுக்க ஒரு வினாடி என்றால், பரணிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல்! மேடை சிறியதாயிருந்து, சமையலும் பெரிதாகிவிட்டால், ஒரு பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு மற்றொன்றை இறக்க வேண்டியதாகிறது. சமையற்காரி பாதி நேரம் ஏணியிலேயே இருப்பாள்.

இந்த ஏற்றி இறக்கும் வித்தை புதிதல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் 1962-ல் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' என்னும் கம்ப்யூட்டரில், விலை மிகுந்த மெமரியைப் போல் ஆறு மடங்கு கொள்ளளவுள்ள காந்த உருளைகளைச் சேர்த்து, இரண்டும் ஒன்றே என்று யந்திரம் நம்பும்படி செய்திருந்தார்கள். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க அறிஞர் 1968-ல் அந்த எல்லையை விளக்கினார். வேலை அதிகமாக அதிகமாக யந்திரம் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்வதில்லை. ஒரு கட்டம் வரையில் சமாளித்துவிட்டு, அப்புறம் திடீரென்று விழுந்துவிடுகிறது. ஏற்றுவதும் இறக்குவதுமே வேலையாகி, சமையல் நின்று போகிறது.

இதுதான் வியாதி என்றால், மெமரி கைகண்ட ஔஷதம். அதில் சந்தேகமே வேண்டாம். 4 கிகாபைட் மெமரியை வைத்துக்கொண்டு, இணையத்தில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துத் திண்டாடிய என் சொந்த யந்திரம், 8 ஆக்கிய அன்றே மூச்சு விட்டது.

ஆனால் இதுதான் வியாதி என்று எப்படி அறிவது? நாடி பார்ப்பதற்குச் செலவில்லை. விண்டோஸ் யந்திரமானால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' வரும். அதில் மெமரியில் நூற்றுக்கு எத்தனை பங்கு செலவாகியிருக்கிறது, டிஸ்க் எவ்வளவு நேரம் உழைக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஸ்தம்பிக்கும் தறுவாயில் மெமரி தொண்ணூறைத் தாண்டி நின்றால் லேகியம் வாங்கலாம். ஐம்பது அறுபதில் நின்றால் வாங்கிப் பயனில்லை. மடிக்கணினிகள் பலவற்றில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். அவற்றில் சேர்க்க நினைத்தாலும் முடியாது. 32 பிட் விண்டோஸ் 4 கிகாபைட்டுக்கு மேல் கொடுத்தால் தொடவே தொடாது. சில சமயம் மெமரிச் சில்லே பழுதாகியிருந்து, அதுவே ஸ்தம்பிப்புக்குக் காரணமாவதும் உண்டு. விண்டோஸிலேயே அதற்குப் பரிசோதனை இருக்கிறது. விசிறியில் தூசி அடைத்துச் சூடேறுவது வேறு. தூசிக்கு லேகியம் எதற்கு? துடைப்பம் போதும்.

அக்கா வீட்டு யந்திரத்தின் நாடியை நானும் என் மருமானும் பார்த்தோம். மெமரி 12 கிகாபைட்டில் நாலுகூடச் செலவாகவில்லை. அத்திம்பேரின் பணம் முழுவதும் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது. டிஸ்க் மட்டும் நூற்றுக்கு நூறு என்று காட்டிக்கொண்டு நின்றது. அப்படி என்ன பிரமாதமான உழைப்பு என்று பார்த்தால், ஒன்றுமில்லை! சாதாரணமாகப் பத்து இருபது மில்லி வினாடியில் வரவேண்டிய பதில், நாலாயிரம் மில்லி வினாடி கழித்து வந்தது. காதை அருகில் வைத்தேன். உள்ளே 'டிக்... டிக்...' என்று பல்லி சொல்வது போல் ஒரு சப்தம்.

"மாமா, ஏணி ஒடிந்திருக்கிறது!" என்றான் மருமான்.

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. மேடை சிறியதாயிருந்தால் சமையல் தாமதமாகும்; அவ்வளவுதான். ஏணியும் பரணும் இற்றுப்போனால் பரணில் உள்ளதெல்லாம் விழுந்து நொறுங்கும். அந்த டிஸ்க்கில் எங்கள் தாயார் பாடிய நலுங்குப் பாட்டுகளும் தாலாட்டுகளும் இருந்தன. 2017-ஆம் வருஷத்தில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்தவை, மொத்தம் 43. தாயார் 2019-ல் காலமாகிவிட்டாள். வேறு பிரதி கிடையாது. டிஸ்க் மாதக்கணக்காக 'நான் போகிறேன், போகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க, எல்லாருமாக அதற்கு ஞாபக சக்தி போதவில்லை என்று தீர்மானித்திருந்தோம்!

டிஸ்க்கைச் சீர்செய்யும் நிரல்களை ஓட்டிப் பார்க்கலாமா என்று அத்திம்பேர் கேட்டார். கூடாது என்றேன். சாகக் கிடக்கிறவனைத் தேகாப்பியாசம் செய்யச் சொல்வதற்கு ஒப்பாகும் அது. முதலில் பிரதி எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அன்றிரவு முழுவதும் மருமானும் நானும் வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி, பாட்டுகளைத்தான் முதலில் எடுத்தோம். சில பாட்டு ஒரு நிமிஷத்தில் வந்தது. சிலவற்றுக்கு அரை மணி காத்திருந்தோம். ஒவ்வொரு முறை 'டிக்' என்றபோதும் அக்கா எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். பொழுது விடியும்போது 41 பாட்டுகள் வந்து சேர்ந்திருந்தன. இரண்டு வரவில்லை.

மறுநாள் பழைய தட்டைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டோம். அதற்கு ஏணியே வேண்டாம். பரணைத் தரையில் இறக்கி வைத்தாற்போல. இப்போது யந்திரம் காலையில் அரை நிமிஷத்தில் விழித்துக்கொள்கிறது. ஸ்தம்பிப்பு போன இடம் தெரியவில்லை. உபரி மெமரியைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் கேட்டு வர அத்திம்பேர் புறப்பட்டுப் போனார்.

வராமற்போன பாட்டுகளில் ஒன்று இன்னதென்று அக்காவுக்குத் தெரியும். அடுப்பங்கரையில் வேலை செய்துகொண்டே அதை முணுமுணுத்தாள். நடுவில் ஓரடி மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. என்னைக் கேட்டாள். எனக்கும் வரவில்லை.