மருதம் எங்கே?

காவிரி பாய்ந்து கழனி செழிக்கும் நம் நிலத்துக்கு முன்னோர் சூட்டிய பெயர், ஆற்றங்கரையில் ஓங்கி நின்ற ஒரு மரத்தின் பெயர். மருதம்! திருவிடைமருதூர் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தஞ்சையை அடுத்த புன்னைநல்லூர் புன்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊரின் பெயரிலே மரம் உண்டு, ஊரிலே உண்டா?

பூங்கா இருக்கிறதே என்பாய், தம்பி! இருக்கிறது. சீராக வெட்டிய புல்தரை. ஓரத்திலே அயல்நாட்டு அலங்காரச் செடி. கண்ணுக்குக் குளிர்ச்சிதான், காக்கைக்குக் கூடு கட்டக் கிளையில்லை! அழகுக்கென்று நகரெங்கும் நட்ட கோனோகார்ப்பஸ் மரத்தை 2023இல் குசராத் அரசும், 2025இல் தமிழக அரசும் தடை செய்ய நேர்ந்ததே, அது பாடமல்லவா?

சப்பானியத் தாவர அறிஞர் அகிரா மியாவாக்கி (1928–2021) வேறு வழி காட்டினார். மண்ணை ஆழக் கிளறி எருவிடுவது. அந்தந்த மண்ணுக்குரிய நெடுமரம், குறுமரம், புதர் அனைத்தையும் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளாக நெருக்கி நடுவது. இரண்டு மூன்று ஆண்டுகள் நீரூற்றிக் களையெடுப்பது. பிறகு காடு தன்னைத்தானே காத்துக்கொள்ளும். சென்னை மாநகராட்சி 2020இல் கோட்டூர்புரத்தில் இம்முறையில் குறுங்காடு வளர்க்கத் தொடங்கியது. 2014இல் மாநகராட்சியான தஞ்சைக்கும், 2021இல் மாநகராட்சியான குடந்தைக்கும் அது எட்டாக் கனியா?

"காடு வளர்த்தால் கழனி என்னாவது?" என்று கேட்பார் உண்டு. விளைநிலத்தில் ஒரு முழமும் வேண்டாம். அதைக் காக்க 2020இல் சட்டமே வந்திருக்கிறது. நாம் கேட்பது, நகருக்குள் குப்பைமேடாய்க் கிடக்கும் பொதுவிடத்தை. பூங்காவின் ஒரு மூலையை. அங்கே விளாமரம் நின்றால், அதன் இலையைத் தின்ற புழு வண்ணத்துப்பூச்சியாய்ப் பறக்கும். புழுவும் பூச்சியும் பெருகினால் குருவி வரும். உழவனுக்கும் இதிலே ஆதாயம் உண்டு. நள்ளிரவில் நெல்வயல் எலியை வேட்டையாடும் கூகை, கூலி கேட்காத காவற்காரன். அது குடியிருப்பது முதுமரத்தின் பொந்திலே!

பொந்து விழப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆகவே, சாலையை அகலப்படுத்த முதுமரத்தை வீழ்த்திவிட்டு, "பதிலுக்குப் பத்துக் கன்று நட்டோம்" என்பது, பாட்டியை வீட்டைவிட்டு விரட்டிவிட்டுப் பத்துப் பொம்மைகளை வாங்கி வைப்பதற்கு ஒப்பாகும். இருக்கும் மரத்தைக் காப்பது முதற்கடமை. இல்லாத இடத்தில் வளர்ப்பது அடுத்த கடமை.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்து நம் மரங்களை வேரோடு சாய்த்தது. அதன்பின் நடவு விழாக்களுக்குக் குறைவில்லை. மாலை வாடுமுன்னே கன்று வாடினால், விழா யாருக்காக? நட்ட கணக்கு வேண்டாம். மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் கன்றின் கணக்கை மன்றத்தில் வையுங்கள்!

அய்யனார் காவல் என்ற அச்சம் அன்று கோயிற்காடுகளைக் காத்தது. அச்சம் காத்ததை அறிவு காக்காதா? வட்டத்துக்கு ஒரு குறுங்காடு, அதிலே முதற்கன்று மருதம் என்று உங்கள் மன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்!