வெயிற்காப்பா, வெண்மை வேட்கையா?

ஒரு பண்டம் எந்தக் கடை வாயிலாக ஒரு சமுதாயத்தினுள் நுழைகின்றது என்பது அப்பண்டத்தின் பிற்கால வாழ்வைப் பெரிதும் நிர்ணயித்துவிடுகின்றது. அஸ்பிரின் மருந்துக் கடை வாயிலாக வந்தது, அது மருந்தாயிற்று. சன்ஸ்கிரீன் எனப் பெயர் வழங்கும் வெயிற்காப்புக் களிம்போ முகப்பூச்சுக்கும் வாசனைத் தைலத்துக்கும் பக்கத்தில் அமர்ந்தே நம்மிடம் வந்து சேர்ந்தது. இதனைக் கடைக்காரரின் அடுக்குமுறை என்று மட்டும் கொள்ளுதல் கூடாது. உலக நாடுகளின் சுங்கத் திணைக்களங்கள் கைக்கொள்ளும் பண்ட வகைப்பாட்டில் 3304 என்னும் தலைப்பு அழகூட்டும் தயாரிப்புகளுக்கும் மருந்தல்லாத சருமப் பராமரிப்புத் தயாரிப்புகளுக்கும் உரியது. வெயிற்காப்புக் களிம்பு அத்தலைப்பினுள்ளேயே பெயர் சுட்டி அடக்கப்பட்டுள்ளது. பூச்சுமாவுக்கு யாது தகுதியோ அதுவே இதற்கும் தகுதி.

இக்களிம்பைப் பூசும் பழக்கம் நமது கற்றோர் மத்தியில் விரைந்து பரவி வருகின்றது. ஏன் பூசுகின்றீர்கள் என வினவினால் இரண்டு விடைகள் கிடைக்கும். "கறுத்துப் போகாமல் இருப்பதற்கு" என்பது ஒன்று. "தோற்புற்று வராமல் இருப்பதற்கு" என்பது மற்றது. முன்னைய விடை வீட்டில் சொல்லப்படுவது. பின்னையது விரிவுரை மண்டபத்தில் சொல்லப்படுவது. இவ்விரண்டாவது விடை முதலாவதற்குப் போர்த்தப்பட்ட விஞ்ஞானப் போர்வை என்பதும், இப்போர்வை காரணமாக இக்களிம்பு உண்மையில் எவருக்குத் தேவையோ அவர்கள் நம் கண்ணிற்குப் புலப்படாமற் போயினர் என்பதுமே இக்கட்டுரையின் வழக்காகும்.

முதலில் விஞ்ஞானத்தை நோக்குவோம். சூரியனிடமிருந்து நிலத்தை அடையும் கழியூதாக் கதிர்கள் இரு வகைப்படும். 315 முதல் 400 நனோமீற்றர் வரையான அலைநீளமுடையவை 'ஏ' வகை. 280 முதல் 315 வரையானவை 'பி' வகை. தோலைச் சுட்டுச் சிவக்கச் செய்வதில் முதன்மையானது பின்னையது. களிம்புக் குழாயின் மீது எழுதப்பட்டிருக்கும் காப்பு எண் பெரும்பாலும் இதனையே குறிக்கும். 15 எனின் 'பி' வகைக் கதிர்களில் ஏறத்தாழ 93 வீதம் தடுக்கப்படும். 30 எனின் 97 வீதம். 50 எனின் 98 வீதம். எண் இரட்டித்தால் காப்பும் இரட்டிக்கும் என்று கருதி இருமடங்கு விலை கொடுப்போர் இக்கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தல் நலம்.

இக்களிம்பு புற்றைத் தடுக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சான்று அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்து நம்பூர் என்னும் ஊரிலிருந்து கிடைப்பதாகும். 1992இல் அங்கு ஏறத்தாழ 1,600 பேர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூற்றினர் நாள்தோறும் களிம்பு பூசினர். மற்றையோர் தம் விருப்பப்படி நடந்துகொண்டனர். நாலரை ஆண்டுகளின் பின்னர் முதற் கூற்றினரிடையே செதிள்வகைக் கலப் புற்று ஏறத்தாழ 40 வீதம் குறைந்திருந்தது. 2011இல் வெளியான தொடராய்வு மெலனோமா என்னும் கொடிய புற்று அவர்களில் 11 பேருக்கும் மற்றையோரில் 22 பேருக்கும் ஏற்பட்டிருந்ததாகக் காட்டிற்று. ஐயத்திற்கிடமற்ற நல்ல ஆய்வு இது. ஆனால் அந்த 1,600 பேரும் யாவர்? பெரும்பாலும் வட ஐரோப்பியக் குடிவழியினர். மேகம் மூடிய தீவுகளுக்கெனப் பரிணமித்த தோலுடன் அயன வெயிலின் கீழ்க் குடியேறியோரின் வழித்தோன்றல்கள். குடியேற்றவாதம் தன் சொந்தத் தோலுக்கு விளைத்த கேட்டிற்குத் தேடிய பரிகாரம் அது.

நமது தோலின் நிலை வேறு. 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கறுப்பினத்தவரின் மேற்றோல் தானாகவே ஏறத்தாழ 13 என்னும் காப்பு எண்ணுக்கு ஈடாகத் தொழிற்படுவதையும் வெள்ளையரின் மேற்றோல் 3 அளவிலேயே நிற்பதையும் அளந்து காட்டிற்று. மெலனின் என்னும் நிறப்பொருளின் வேலை இது. நம்மவரின் தோல் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் பல படிகளில் அமைவது. தோற்புற்று நமக்கு வரவே வராது என்பதன்று, ஆயின் அரிது. கரிய தோலினருக்கு மெலனோமா வரும்போது அது உள்ளங்காலிலும் நகத்தின் கீழும் தோன்றுவதே பெரும்பான்மை. 1981இல் பொப் மார்லியின் உயிரைக் குடித்த புற்று அவரது கால்விரல் நகத்தின் கீழிருந்தே தொடங்கிற்று. எந்த வெயில் அங்கு பட்டது? எந்தக் களிம்பு அதனைத் தடுத்திருக்கும்? இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்று வாய்ப்புற்று. அதன் தலையாய காரணிகள் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் பாக்கும். கன்னத்தின் வெளிப்புறத்தைக் காப்பதற்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கைக் கன்னத்தின் உட்புறத்திற்குச் செலவிட்டிருப்போமாயின் எத்தனையோ உயிர்கள் எஞ்சியிருக்கும்.

ஆகவே புற்றுநோய் அச்சம் இக்களிம்பு விற்பனையின் உண்மையான உந்துவிசை அன்று. அது எது என்பதை அறிய 1975ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும். அவ்வாண்டிலேயே ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்னும் களிம்பை இந்தியச் சந்தையில் இறக்கிற்று. அதன் சேர்மானங்களுள் வெயிற்காப்புப் பொருள்களும் அடங்கும் என்பது பலர் அறியாதது. விளம்பரங்களோ புற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கரிய நிறத்தினளாகிய பெண் வேலை பெறாமல், மணம் கூடாமல் வாடுவதையும், வெளுத்தபின் யாவும் கைகூடுவதையுமே அவை கதை கதையாகக் கூறின. கடல் கடந்து அக்கதைகள் நமது வீடுகளுக்கும் வந்தன. 2020இல் உலகெங்கும் எழுந்த நிறவெறி எதிர்ப்பின்போது அந்நிறுவனம் பெயரிலிருந்து 'ஃபெயார்' என்னும் சொல்லை நீக்கி 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. சொல் மாறிற்று, மணமகள் தேவை விளம்பரம் மாறவில்லை.

இவ்வேட்கையின் உச்சத்தில் நிகழும் முரணைக் கவனித்தல் வேண்டும். தோலை வெளுப்பிப்பதாகக் கூறி விற்கப்படும் மலிவுக் களிம்புகள் பலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. அது மெலனின் உருவாவதைத் தடுப்பது. அதனோடு சிறுநீரகத்தையும் கெடுப்பது. 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுக்களைத் தடைசெய்கின்றது. எனினும் அவை சந்தையினின்றும் ஒழிந்தபாடில்லை. வேறு சிலவற்றில் வீரியமிக்க ஸ்டெரொயிட்டு மருந்து கலக்கப்படுகின்றது. அது தோலை மெலிவிக்கும். இயற்கை இலவசமாக அளித்த காப்பைக் காசு கொடுத்து அழித்துவிட்டு, அவ்விடத்தில் செயற்கைக் காப்பொன்றைக் காசு கொடுத்துப் பூசுகின்றோம். இரு குழாய்களும் ஒரே அலுமாரியில் விற்கப்படுகின்றன.

தமிழ் கற்போர் இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூரலாம். நமது பழைய அகப்பாடல்களில் தலைவியின் அழகாகப் பேசப்படுவது மாமை, மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிவால் அந்நிறம் வெளிறுவதற்குப் பசலை என்று பெயர். அது நோயாகவும் துயராகவும் பேசப்பட்டது; திருக்குறளில் அதற்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் உண்டு. வெளிறுதலை நோய் என்று கண்ட இலக்கிய மரபின் வாரிசுகள் இன்று வெளிறுதலை விலைகொடுத்து வாங்குகின்றனர். பழம்பெருமை பேசுவதற்காக இதனைக் கூறவில்லை. பழம்பெருமை பேசும் மேடைகளிலேயே மணப்பெண்ணின் நிறம் பற்றிய கணக்கும் நடைபெறுவதனால் கூறுகின்றேன்.

"அவ்வாறாயின் இக்களிம்பு வேண்டாம் என்கின்றீரா?" என்று கேட்கப்படலாம். இல்லை. முகத்தில் மங்கு படர்வோருக்கு வைத்தியர் இதனைப் பரிந்துரைப்பது தக்க காரணத்தோடுதான். ஆயினும் கரிய தோலில் மங்கினைக் கிளறுவதில் கண்ணாற் காணும் ஒளிக்கும் பங்குண்டு. நிறமற்ற சாதாரணக் களிம்பு அதனைத் தடுக்காது, இரும்பு ஒட்சைட்டுக் கலந்த நிறக் களிம்பே ஓரளவு தடுக்கும். விளம்பரம் இதனைச் சொல்வதில்லை. லூப்பசு நோயாளருக்கும் ஒளியால் தூண்டப்படும் பிற நோயுடையோருக்கும் இது அவசியமானது. வெயில் எவரையும் முதுமைப்படுத்தும், கண்ணில் சதை வளரச் செய்யும், கண்புரைக்குத் துணைபோகும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கண்ணில் களிம்பு பூசுவாரில்லை. 1981இல் அவுஸ்திரேலியர் தொடங்கிய புகழ்பெற்ற பிரசாரத்தின் மூன்று கட்டளைகளில் முதலாவது சட்டை அணி என்பது. களிம்பு பூசு என்பது இரண்டாவது. தொப்பி போடு என்பது மூன்றாவது. நடுவில் நின்றதை மட்டும் வணிகம் பொறுக்கி எடுத்து நம்மிடம் அனுப்பியது.

இனி வெயிலில் நிற்போரிடம் வருவோம். கழியூதாக் கதிரின் கடுமை ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்திற்கும் ஏறத்தாழ 10 வீதம் கூடும். நுவரெலியா கடல்மட்டத்திற்கு மேல் 1,800 மீற்றருக்கும் கூடிய உயரத்தில் உள்ளது. அங்கு குளிர்கின்றது என்பதனால் வெயில் சுடவில்லை என்று எண்ணுகின்றோம். வெப்பமும் கழியூதாவும் வெவ்வேறானவை. அம்மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அறிவியல் கூறும் முறைப்படி இக்களிம்பைப் பூசிப் பார்ப்போம். ஆய்வுகூடத்தில் காப்பு எண் அளக்கப்படுவது சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்னும் கணக்கில். முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழான இரு கைகள் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 2,400 சதுர சென்ரிமீற்றர் எனக் கொண்டால் ஒரு தடவைக்கு 5 கிராம் அளவில் வேண்டும். வியர்வையில் கரைவதால் இரண்டு மணித்தியாலத்திற்கு ஒரு தடவை புதுப்பித்தல் விதி. நாளொன்றுக்கு நான்கு தடவை, 20 கிராம். 50 கிராம் குழாய் மூன்றாம் நாள் மதியத்திற்குமுன் முடிந்துவிடும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியது 2021இல். 1,350 ரூபாவானது 2024இல். அச்சம்பளத்தை விஞ்சிய விலையுடைய குழாயை வாரத்துக்கு இரண்டு வாங்கும்படி அப்பெண்ணுக்கு யார் அறிவுரை கூறுவது?

அவள் அதனைக் கேட்கவும் இல்லை. கூடைக் கயிற்றின் கீழ் மடித்திட்ட தலைத்துணியே அவளது வெயிற்காப்பு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தோட்டத்துத் துரைமாரின் தலையில் நெட்டித் தொப்பி இருந்தது. அயன வெயிலின் கதிர்கள் வெள்ளையரின் நரம்பையே தளர்த்திவிடும் என்று 1905இல் அமெரிக்க இராணுவ வைத்தியரான வுட்ரஃப் தனி நூலே எழுதினார். அதே வெயிலில் கூலிக்கு நின்றவர்களுக்காக அத்தகைய கவலை எழவில்லை. விளிம்பு அகன்ற தொப்பி, கண்ணாடி, நீள்கைச் சட்டை, மலையில் நிழற்கூடம், உச்சிப் பொழுதில் ஓய்வு, குடிநீர் ஆகியவையே அவளுக்கு வேண்டியவை. இவை எதனையும் குழாயில் அடைத்து விற்க முடியாது. ஆகவே இவற்றுக்கு விளம்பரமும் இல்லை.

ஆனால் தொப்பியும் சட்டையும் மாத்திரம் போதாத ஒரு சாரார் நம் மத்தியில் உள்ளனர். பிறப்பிலேயே மெலனின் உருவாகாத அல்பினிசம் உடையோரே அவர்கள். பெற்றோர் இருவரும் அதே பின்னடைவான பரம்பரையலகைக் காவும்போதே குழந்தைக்கு இது வெளிப்படும். மச்சான், மச்சாள் மணவுறவு வழங்கும் சமுதாயத்தில் அத்தகைய இருவர் சேரும் நிகழ்தகவு கூடுகின்றது. ஆகவே இது நமக்குப் புறம்பான செய்தியன்று. அயன நாடொன்றில் கவசமின்றிப் பிறந்தவர்கள் இவர்கள். இளமையிலேயே தோற்புற்று இவர்களைப் பற்றக்கூடும். பார்வையும் குன்றியிருக்கும், ஒளி கூசும். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் முற்றத்து வெயிலில் அரை மணித்தியாலம் நிறுத்தப்படும் அப்பிள்ளைக்கு இக்களிம்பு அழகுசாதனம் ஆகுமா? நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் எதுவோ அதுவே இப்பிள்ளைக்கு இது. நாம் செய்வதோ, வெண்மையைத் தேடி அலையும் அதே வாயால் இவர்களது வெண்மையைப் பழித்துப் பட்டப்பெயர் சூட்டுவதுதான்.

நம்மினும் வறிய நாடொன்று இதற்கு வழி கண்டுள்ளது. தான்சானியாவின் மோஷி நகர மருத்துவ நிலையத்தில் 2010களில் 'கிலிசன்' என்னும் களிம்பை உள்ளூரிலேயே தயாரிக்கத் தொடங்கினர். அந்நாட்டு வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்ப அமைத்து, அல்பினிசம் உடையோருக்கு அதனை இலவசமாக வழங்குகின்றனர். கடைகளில் அதற்கு இடமில்லை. நோயாளரின் பதிவேட்டிலேயே அதற்கு இடம். இங்கு அதனைச் செய்ய இயலாதா? இக்களிம்புகளின் முதன்மையான கனிப்பொருள்கள் நாக ஒட்சைட்டும் தைற்றேனியம் ஈரொட்சைட்டும். பின்னையது இல்மனைற்றிலிருந்து பெறப்படுவது. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணல் இல்மனைற்று நிறைந்தது. 1957இல் அதற்கெனக் கூட்டுத்தாபனமே அமைக்கப்பட்டது. அன்று தொட்டு அம்மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது; தைற்றேனியம் ஈரொட்சைட்டோ 3304ஆம் தலைப்பின் கீழ்க் குழாய்களில் அடைபட்டு அழகுசாதனத் தீர்வையுடன் இங்கு வந்திறங்குகின்றது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மருந்தாக்கற் கலை பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. இரசாயனத் துறைகள் உள்ளன. இறுதியாண்டு மாணவர் ஆய்வுக்குப் பொருள் தேடி அலைகின்றனர். அரச வைத்தியசாலைத் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவில், துண்டைக் காட்டி ஒரு தாய் தன் பிள்ளைக்கு மாதந்தோறும் பெற்றுச் செல்லத்தக்க களிம்பொன்றின் சேர்மானத்தை அவர்களுள் எவரேனும் இவ்வாண்டிலேயே தொடங்கலாம்.