தெரியாத முகம்



சென்ற மாதம் பட்டா நகல் எடுக்கப் போய், செஞ்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடை நடத்தும் பெண் கணினியை ஃபார்மட் செய்துவிட்டு, தமிழில் தட்டச்சு செய்யும் இலவச மென்பொருள் ஒன்றைப் புதிதாக இறக்கிக்கொண்டிருந்தார். குரோம் தடுத்தது: இது அதிகம் பேர் இறக்காத கோப்பு, ஆபத்தாக இருக்கலாம். அதைத் தாண்டினால் விண்டோஸின் நீலப் பெட்டி. அதில் ‘மோர் இன்ஃபோ’வை அழுத்தினால்தான் ‘ரன் எனிவே’ கண்ணில் படும். அந்த இடம் அவர் விரலுக்கு மனப்பாடம். நான் படித்து முடிப்பதற்குள் பெட்டியைக் காணோம்.

“எப்பவும் இப்படித்தான் சார் வரும். படிச்சிட்டிருந்தா வேலை ஓடாது.”

அவருடைய எரிச்சல் நியாயமானது. ஒரு கோப்பை இதற்குமுன் எத்தனை பேர் இறக்கினார்கள், செய்தவர் டிஜிட்டல் கையொப்பம் இட்டிருக்கிறாரா என்பதையெல்லாம் வைத்துத்தான் உலாவி அதை எடைபோடுகிறது. கோடிப் பேர் இறக்கும் ஆங்கில மென்பொருள் தடையில்லாமல் உள்ளே வந்துவிடும். தமிழுக்காக யாரோ நாலு பேர் சம்பளம் வாங்காமல் ராத்திரி கண்விழித்துச் செய்த கருவிக்கு அந்தக் கணக்கு வராது. கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவும் அவர்களுக்கு வழியிருக்காது. செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை வாசலில் நின்ற காவலரும் தெரியாத முகத்தை நிறுத்தித்தான் இருப்பார். தெரியாத முகமெல்லாம் பகைவன் என்று சொல்லியிருக்க மாட்டார். உலாவியோ ‘தெரியாதவன்’, ‘பகைவன்’ இரண்டையும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கிறது. என் வருத்தம் அங்கேதான்.

ஏனென்றால், பொய்யாக நூறு தடவை கூப்பிட்ட குரலை நூற்றியோராவது தடவை யாரும் கேட்பதில்லை. நான் அங்கே இருந்தபோதே கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு) நெல் கொண்டுவந்த ஒரு பெரியவர் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில், சொந்தக்காரர் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை, திறக்க முடியவில்லையாம். கோப்பின் பெயர் ‘.ஏபிகே’ என்று முடிந்தது. பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும். ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. இப்படி வரும் திருட்டுச் செயலி உள்ளே போனதும் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கியின் ஓ.டி.பி. திருடன் கைக்குப் போய்விடும். போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் என்ற பெயர்களிலும் இதே வலை விரிக்கப்படுகிறது.

ஒரு நிமிடம் முன்பு இரண்டு எச்சரிக்கைகளைப் படிக்காமல் தாண்டிய அதே பெண், “பெரியப்பா, இதை அமுக்காதீங்க. முதல்ல அவங்களுக்கு போன் போடுங்க” என்றார். பெரியவர் போட்டார். அவர்கள் வீட்டில் கல்யாணமே இல்லை. அவர்களுடைய வாட்ஸ்அப்பே வேறு யாரோ கையில் இருந்தது.

எரிச்சல் தாங்காமல் பாதுகாப்பை முழுவதுமாக அணைத்து வைத்திருக்கும் கணினிகளையும் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். ‘அதிகம் பேர் இறக்காதது’ என்று வந்தால், கோப்பு அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். ‘பாதுகாப்பாக இறக்க முடியாது’ என்றால் பெரும்பாலும் முகவரி எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் இருக்கும், அதே தளத்தில் பாதுகாப்பான முகவரி கிடைக்கிறதா என்று தேடுங்கள். ‘ஆபத்தானது’ என்று சிவப்பில் அடித்துச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் கூச்சப்படாமல், நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

நம் வாசகர்களில் மென்பொருள் எழுதுபவர்கள் பலர் உண்டு. இந்த எச்சரிக்கைகளை ஒரு செஞ்சி விவசாயி ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதித் தாருங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன். மற்றவர்கள், உங்களைத் திகைக்கவைத்த எச்சரிக்கையைப் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்