வாய் திறக்காத வீரர்



ஆசிரியர் பக்கத்தில் மல்யுத்தமா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. முகமும் காட்டாமல், பேசவும் செய்யாமல் ஒரு மல்யுத்த வீரர் புது ஊர்க் கூட்டத்தின் மனசைப் பிடிக்க முடியுமா?

மிஸ்டிகோ என்பவரை எடுத்துக்கொள்வோம். 2004-ல் வெள்ளி முகமூடியோடு வந்தவர். சில ஆண்டுகளிலேயே மெக்சிகோ சிட்டியின் அரேனா மெக்சிகோ அரங்கில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் அவர்தான். அநாதைக் குழந்தைகளுக்குச் சோறு போட முகமூடி மாட்டிக்கொண்டு களமிறங்கிய ஃப்ரே டோர்மென்டா என்ற பாதிரியாரின் வளர்ப்புப் பிள்ளை என்று அவருக்கு ஒரு பூர்வகதையும் உண்டு. பாதிரியார் நிஜம், பிள்ளைக் கதை மேடைக்குக் கட்டியது. ரசிகர்கள் அதைத் தோண்டித் துருவவில்லை.

2011 ஏப்ரலில் அவர் சின் காரா என்ற புதுப் பெயரில் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மேடை ஏறினார். டிராம்போலினில் எகிறிக் கயிற்றைத் தாண்டி உள்ளே குதிப்பார். மோதல் முழுக்க நீலமும் பொன்னிறமுமாக மங்கிய வெளிச்சம். முதலில் கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகு பிடிகள் நழுவின, தாவல்கள் பிசகின, கைதட்டல் கேலியானது. இங்கிலீஷ் பேச வராத ஆள் எப்படி எடுபடுவார் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மெக்சிகோவில் பிடிகளை வலப்பக்கமாகப் போடுவது வழக்கம், அமெரிக்காவில் இடப்பக்கமாக. அந்தரத்தில் சுழன்று வருகிறவரைத் தாங்க வேண்டிய கை மறுபக்கம் இருந்தால் என்ன ஆகும்? அரை நொடி தப்பினாலும் பறவை மாதிரி வந்தவர் மூட்டை மாதிரி விழுவார். மெக்சிகோவில் மூவருக்கு மூவர் மோதும் ஆட்டங்களே அதிகம், நடுவில் மூச்சு வாங்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் தனி ஆள்.

அதைவிடப் பெரிய குறை, அவருக்காகப் பேச ஆள் இல்லாதது. 1997 அக்டோபர் 5, செயின்ட் லூயிஸ். விளக்குகள் சிவக்க, கூண்டுக் கதவைப் பிய்த்தெறிந்துகொண்டு கேன் என்ற முகமூடி வீரர் நுழைந்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் அவருடைய மேலாளர் பால் பேரர் மாதக்கணக்கில் பேசி முடித்திருந்தார்: தீயில் செத்ததாக வீரர் அண்டர்டேக்கர் நினைத்திருக்கும் தம்பி உயிரோடு இருக்கிறான், வருவான் என்று. வந்த தம்பி அண்ணன் எதிரே போய் நின்றாலே போதுமானதாக இருந்தது.

ஜப்பானில் 1981 ஏப்ரல் 23-ல் டைகர் மாஸ்க் முதன்முதலாகக் களமிறங்கியபோதும் இதே கதைதான். காமிக்ஸிலும் கார்ட்டூனிலும் ஏற்கெனவே பழகிய முகமூடி அது. எதிரில் நின்றது டைனமைட் கிட் என்ற இங்கிலாந்துக்காரர். அதே வேகத்தில் ஈடுகொடுத்து அவரைத் தூக்கிக் காட்டினார். அப்படி ஒரு ஜோடி சின் காராவுக்கு ஆரம்பத்திலேயே அமைந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் கட்சி.

சின் காரா 2014-ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யிலிருந்து விலகினார். வேறு பெயர்களில் ஆடிவிட்டு, 2021-ல் மறுபடி மிஸ்டிகோ ஆனார். இப்போது வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் அரேனா மெக்சிகோவுக்கே போய் டிக்கெட் வாங்கி அவரைப் பார்க்கிறார்கள்.

நாமும் ஒரு காலத்தில் புது ரசிகர்கள்தானே. மைக்கைப் பிடித்துக்கொண்டு ராக் என்ற வீரர் பொழிந்து தள்ளிய இங்கிலீஷில் எத்தனை பேருக்கு என்ன புரிந்தது? நமக்கு அவரும் ஊமைப்படம்தான். பேசாத கேனும், முகமூடி போட்ட ரே மிஸ்டீரியோவும் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ் என்று ட்ரம்ப் கார்டு என்ற சீட்டு விளையாட்டில் அவர்களை மனப்பாடமே செய்துவைத்திருந்தோம். வாத்தியாரிடம் மாட்டிக் கட்டோடு பறிகொடுத்தவர்கள் எழுதுங்கள்; எந்த கார்டு போனதற்கு அதிகம் அழுதீர்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்